ஒருமுறை ஊசியும் மறுமுறை ஊசியும்: ஊவாத் தோட்டங்களில் தடுப்பூசியின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

மலையகத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை எழுத முற்பட்டோர் சம்பளம், குடியுரிமை, வீட்டுரிமை ஆகிய மூன்றையும் பற்றி விரிவாகவே எழுதியுள்ளனர். கங்காணி முறை, 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் என்பன குறித்த ஆய்வுகளுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. ஆயின் அத்தொழிலாளரின் உடம்பு எவ்வாறு பேணப்பட்டது, எவருடைய தேவைக்காகப் பேணப்பட்டது, எந்த வயதுவரை பேணப்பட்டது என்னும் வினாக்கள் போதிய அளவு ஆராயப்படவில்லை. உழைப்புச் சக்தியை விற்று வாழும் மனிதனுக்கு உடம்பே அவனது ஒரே உடைமையாகும். அவ்வுடைமையின் வரலாறு எழுதப்படாதவரை அவனது வரலாறு முழுமை பெற்றதாகாது.

கொவிட் - 19 பெருந்தொற்றின்போது, 2021 நவெம்பரில் இலங்கையில் வழங்கத் தொடங்கிய செயலூட்டித் தடுப்பூசி, அதாவது மக்கள் 'பூஸ்டர்' என்று அழைத்த மூன்றாவது ஊசி, இவ்வினாக்களைப் புதியதொரு வடிவில் நம்முன் நிறுத்தியது. நாடு முழுவதிலும் இரண்டு ஊசிகளை ஏற்றிக்கொண்டோர் 1 கோடி 45 இலட்சத்துக்கு மேற்பட்டோராவர். மூன்றாவது ஊசியை ஏற்றிக்கொண்டோரின் தொகையோ ஏறத்தாழ 82 இலட்சத்துடன் நின்றுவிட்டது. வயதெல்லையில் இருந்த வேறுபாட்டை விலக்கிப் பார்ப்பினும் இது மிகப் பெரிய இடைவெளியாகும். இதனை மக்களின் அசட்டை என்று கூறி அமைவது எளிது. தோட்டப் பகுதிகளைப் பொறுத்தவரையில் அதனை 'அறியாமை' என்று கூறுவது அதனினும் எளிது. நீண்ட காலமாக அவ்வாறு கூறியே பழகிவிட்டோம்.

இக்கட்டுரை வேறொரு விளக்கத்தை முன்வைக்க முயல்கிறது. ஒருமுறை குத்தும் ஊசிக்கு ஒரு வாயில் போதும். வருபவரை நிறுத்திக் குத்தி உள்ளே அனுப்பிவிடலாம். மாறிக்கொண்டே இருக்கும் வைரசு ஒன்றுக்கு எதிராக மீண்டும் மீண்டும் ஏற்ற வேண்டிய ஊசிக்கோ வாயில் போதாது. அதற்கு மனிதரைத் தொடர்ந்து தேடிச் செல்லும் உறவு ஒன்று வேண்டும். தோட்ட முதலாளித்துவம் தொழிலாளரோடு கொண்டிருந்த உறவு முதலாவது வகை ஊசிக்கு ஏற்றதாகவும் இரண்டாவது வகை ஊசிக்கு முற்றிலும் ஏலாததாகவும் இருந்தது என்பதே இங்கு நிறுவ முற்படும் கருத்தாகும்.

ஆய்வுக்குரிய இடமாக லுணுகலைப் பகுதி கொள்ளப்படுகிறது. பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மலைநாடு கிழக்குத் தாழ்நிலத்தை நோக்கி இறங்கும் விளிம்பில் அமைந்த சிறு நகரம் லுணுகலை. ஹொப்டன், அடாவத்தை முதலிய தோட்டங்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. அப்பால் மடுல்சீமை மலைத்தொடர் உயர்ந்து நிற்கிறது. நுவரெலியா, ஹற்றன் பகுதிகளைப் போன்று ஆய்வாளரின் கவனத்தை அதிகம் பெறாத பிரதேசம் இது.

2

தடுப்பூசி மலையகத்துக்குப் புதியதன்று. அம்மைப்பால் குத்தும் முறை 1802 ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. 1886 இல் தடுப்பூசிச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஊவா தனி மாகாணமாக அமைக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஆயினும் தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தவரையில் தடுப்பூசி முதன்முதலில் சட்டமாக அறிமுகமாகவில்லை. தடுப்பு முகாமின் ஒரு சடங்காகவே அறிமுகமாயிற்று.

மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்த தொடக்ககாலத் தொழிலாளரை வாந்திபேதியும் பெரியம்மையும் கூட்டங் கூட்டமாகக் கொன்றன. மலைக்கு வந்து சேராத தொழிலாளி தோட்டத்துரைக்கு நட்டம். அம்மையோடு வந்து சேர்ந்த தொழிலாளி அதனினும் பெரிய நட்டம். அவனோடு மலைக்கு வரும் நோய் சிங்களக் கிராமங்களுக்கும் நகரங்களுக்கும் பரவக்கூடும் என்னும் அச்சமும் குடியேற்ற ஆட்சியாளருக்கு இருந்தது. இவ்விரு காரணங்களாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்டபம் முகாம் போன்ற நிலையங்கள் முக்கியத்துவம் பெற்றன. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்தோர் அங்கு சில நாட்கள் தடுத்துவைக்கப்பட்டனர். அவர்களைக் குளிக்கச் செய்து, உடைகளை நோய்க்கிருமி நீக்கி, அம்மைப்பால் குத்திய பின்னரே தனுஷ்கோடியில் கப்பலேற்றினர். 1914 இல் தலைமன்னார்க் கப்பல் சேவை தொடங்கிய பின்னர் இவ்வொழுங்கு மேலும் இறுக்கமடைந்தது.

இவ்வேற்பாட்டினால் உயிர்கள் காக்கப்பட்டன என்பதை மறுத்தற்கில்லை. மனித குலத்தை அச்சுறுத்திய பெரியம்மை இறுதியில் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டது. 1980 இல் அது முறைப்படி அறிவிக்கப்பட்டது. ஆயினும் வரலாற்றாய்வாளன் கருத்திற்கொள்ள வேண்டியது யாதெனில், இங்கு ஊசி குத்தப்பட்ட இடம் வாயில் என்பதாகும். உழைப்புச் சக்தி ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குக் கைமாறும் இடத்தில், கைமாறும் தருணத்தில் அது குத்தப்பட்டது. தொழிலாளியின் கையிலே பதிந்த தழும்பு அவன் சேவைக்குத் தகுதியானவன் என்பதற்குரிய முத்திரைபோல் ஆயிற்று.

வாயிலைக் கடந்தபின் தொழிலாளியின் உடல்நலம் எவருடைய பொறுப்பு? 1872 ஆம் ஆண்டிலும் 1912 ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட மருத்துவத் தேவைகள் சட்டங்கள் தோட்ட உடைமையாளர்மீது சில கடமைகளைச் சுமத்தின. தோட்டந்தோறும் 'டிஸ்பென்சரி' என்னும் மருந்தகமும் மருத்துவ உதவியாளரும் வந்தமை இவற்றின் வழியே ஏற்பட்ட வளர்ச்சியாகும். ஆயின் இதன் விளைவாகவே தோட்டச் சுகாதாரம் நாட்டின் பொதுச் சுகாதாரத்திலிருந்து பிரிந்த தனித்தீவாகவும் ஆயிற்று. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறை நாடெங்கும் விரிந்து, வீடு வீடாகச் செல்லும் மருத்துவமாதுவைக் கிராமத்துக்குக் கொடுத்தபோது, லயங்கள் பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியிலேயே நின்றன. கிராமத்தவன் அரசின் பொறுப்பாகவும் தோட்டத்தவன் துரையின் பொறுப்பாகவும் கருதப்பட்டான்.

3

வாயிலிலே குத்தும் ஊசியால் தடுக்க முடியாத நோய் 1918 இல் வந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்திற் கொழும்பை எட்டிய இன்புளுவென்சாவின் முதலாவது அலை ஒப்பளவில் மென்மையானது. செப்டெம்பருக்குப் பின் எழுந்த இரண்டாவது அலையே கொடியது. இக்கொள்ளைநோய் பற்றி 2014 இல் வெளிவந்த குடித்தொகை ஆய்வொன்று, இலங்கை இழந்த மக்கட்டொகையை ஏறத்தாழ 3 இலட்சத்து 7 ஆயிரம் என, அதாவது மொத்த மக்கட்டொகையில் ஏறக்குறைய 6.7 வீதம் என மதிப்பிடுகிறது. முன்னைய மதிப்பீடுகளைவிட இது மிகவும் உயர்ந்தது. பதிவேடுகளில் இடம்பெறாத மரணங்களும் அக்காலத்திற் குறைந்துபோன பிறப்புகளும் இவ்வேறுபாட்டுக்குக் காரணமாகலாம் என அவ்வாய்வு கருதுகிறது.

நமது நோக்கில் அவ்வாய்வின் மற்றொரு முடிபு இதனினும் முக்கியமானது. வடக்கிலும் தெற்கிலும் அமைந்த இரு வலயங்களில் நோய் 1918 ஒக்டோபர் தொடக்கத்தில் உச்சத்தை அடைந்தது. நடுப்பகுதியாகிய மூன்றாவது வலயத்திலோ 1919 மார்ச் மாதத் தொடக்கத்திலேயே உச்சமடைந்தது. இவ்வலயங்களை வேறுபடுத்தியவை மக்களடர்த்தியும் இனப்பரம்பலும் எனவும் அவ்வாய்வு காட்டுகிறது. ஒரு சிறு தீவினுள்ளே ஐந்து மாத இடைவெளியில் ஒரே நோய் இரு காலங்களிற் பரவியது என்பது இதன் பொருள். ஐந்து மாத அவகாசம் இருந்தும் அதனைப் பயன்படுத்தத் தக்க மருந்தோ ஊசியோ அன்று உலகில் எவரிடத்தும் இருக்கவில்லை. நோயின் காரணம் வைரசு என்பதே அறியப்படாத காலம் அது. பாக்டீரியா ஒன்றே காரணம் என நம்பி அதற்கெதிரான ஊசிகளைப் பல நாடுகளில் மருத்துவர் முயன்று பார்த்தனர்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லயத்து அறையில் ஒரு குடும்பம் முழுவதும் ஒரே காற்றைச் சுவாசித்து வாழ்ந்த நிலையில், சுவாச நோய்க்கு அதனினும் வாய்ப்பான இடம் வேறு இருக்க முடியாது. அதனோடு 1919 ஆம் ஆண்டின் அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. பட்டினியும் நோயும் ஒன்றையொன்று வளர்த்தன.

இங்கு ஒரு நுண்ணிய உண்மையை மனங்கொள்ளல் வேண்டும். 1918 ஆம் ஆண்டின் இன்புளுவென்சா உலகெங்கும் இருபது முதல் நாற்பது வயதுக்கு உட்பட்டோரையே பெருமளவிற் கொன்றது. தோட்ட மொழியிற் கூறுவதாயின், அது 'முழுப்பேர்' வாங்கும் உடம்புகளைத் தாக்கியது. பிரட்டுக் களத்தில் ஆள் குறைந்ததனால் அந்நோய் உடைமையாளரின் கணக்குப் புத்தகத்திலும் பதிவாயிற்று. நூறாண்டுக்குப் பின் வந்த நோய் வேறு வயதினரைத் தேர்ந்தெடுத்தது. அதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

4

ஓர் ஊசி ஏன் போதாது என்னும் வினாவுக்கு விஞ்ஞானம் இரு விடைகளைத் தந்துள்ளது. அவை இரண்டும் வரலாற்றில் வெவ்வேறு காலங்களில் அறியப்பட்டவை.

முதலாவது, உடம்பு மறக்கிறது என்பது. அம்மைப்பாலைக் கண்ட ஜென்னர் அது வாழ்நாள் முழுவதற்கும் காவலாகும் என்று நம்பினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அந்நம்பிக்கை தளர்ந்துவிட்டது. சிறுவயதிற் குத்தப்பட்டோர் வளர்ந்தபின் அம்மைக்கு ஆளாயினர். ஆகவே 1874 ஆம் ஆண்டின் ஜெர்மன் சட்டம் குழந்தைப் பருவத்தில் ஒருமுறையும் பன்னிரண்டாம் வயதில் மறுமுறையும் ஊசி குத்துதலைக் கட்டாயமாக்கிற்று. செயலூட்டித் தடுப்பூசி என்னும் கருத்து கொவிட் காலத்தில் மருந்துக் கம்பனிகள் புனைந்த ஒன்று எனக் கூறுவோர் இவ்வரலாற்றை அறிந்துகொள்வது நன்று.

இரண்டாவது, நோய் மாறுகிறது என்பது. மனிதரைத் தாக்கும் இன்புளுவென்சா வைரசு 1933 இல் முதன்முறையாகப் பிரித்தெடுக்கப்பட்டது. 1940 களில் அதற்குத் தடுப்பூசியும் ஆக்கப்பட்டது. 1947 இல் அவ்வூசி தோல்வியுற்றது. ஊசியிற் குறை இல்லை, வைரசே மாறிவிட்டது. உடம்பிலே தோன்றும் நோயெதிர்ப்புப் பொருட்கள், நம் பாடநூல்கள் பிறபொருளெதிரிகள் என்று குறிப்பவை, வைரசின் மேற்பரப்பை அடையாளம் கண்டே அதனைப் பற்றுகின்றன. மேற்பரப்பு சிறிது சிறிதாக மாறுமாயின் பழைய அடையாளம் பயனற்றதாகிவிடும். இதனாலேயே 1952 இல் உலகச் சுகாதார நிறுவனம் இன்புளுவென்சாவைக் கண்காணிக்கும் உலகளாவிய வலையமைப்பொன்றை ஏற்படுத்தியது. வைரசின் மாற்றங்களைப் பின்தொடர்ந்து, எவ்வகை வைரசுக்கு எதிராக ஊசி ஆக்கப்பட வேண்டும் என்பதைக் காலந்தோறும் அது பரிந்துரைக்கிறது. கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் அவ்வலையமைப்பில் இலங்கைக்குரிய நிலையமாக இயங்குகிறது.

கொவிட் வைரசிலும் இவ்விரு விதிகளும் ஒருங்கே செயற்பட்டன. 2021 ஜனவரி 29 ஆம் திகதி இலங்கையில் தடுப்பூசி வழங்கல் தொடங்கியது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் டெல்டா திரிபு வந்தது. ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் மரணங்கள் உச்சத்தை அடைந்தன. அவ்வேளையில் நாட்டு மக்களிற் பெரும்பான்மையோர் பெற்றது சினோபார்ம் ஊசியாகும். கடுமையான நோயிலிருந்து அது காத்தது. எனினும் மாதங்கள் செல்லச் செல்ல எதிர்ப்பொருட்களின் அளவு வீழ்ந்தது. டிசெம்பர் தொடக்கத்தில் ஒமிக்ரோன் திரிபு இலங்கையிற் கண்டறியப்பட்டது. வைரசின் மேற்பரப்பிலுள்ள கூர்ப்புரதத்தில் முப்பதுக்கு மேற்பட்ட மாற்றங்களுடன் வந்த அத்திரிபு பழைய எதிர்ப்பொருட்களைப் பெருமளவுக்கு ஏமாற்றியது. பைசர் ஊசியை மூன்றாவதாக வழங்கியமைக்கு அடிப்படை இதுவே.

செயலூட்டி ஊசி செய்வது எது, செய்யாதது எது என்பதையும் நேர்மையாகக் கூறுதல் வேண்டும். தொற்றையும் பரவலையும் அது சிறிது காலத்துக்கே குறைக்கிறது. கடுமையான நோயையும் மரணத்தையும் தடுப்பதிலேயே அதன் நிலையான பயன் உள்ளது. அப்பயனும் எல்லார்க்கும் ஒரே அளவினதன்று. 2023 மார்ச் மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, முதியோர், நாட்பட்ட நோயுடையோர், நோயெதிர்ப்பு குன்றியோர், கர்ப்பிணிகள், சுகாதார ஊழியர் ஆகியோருக்கே தொடர்ந்து செயலூட்டி வழங்குவதை முதன்மையாகப் பரிந்துரைத்தது. ஆரோக்கியமான இளையோர்க்கு மீண்டும் மீண்டும் அதனை வழங்குவதை அது வழமையாகப் பரிந்துரைக்கவில்லை. எனவே 'எத்தனை பேருக்கு' என்பதைக் காட்டிலும் 'எவருக்கு' என்பதே மறுமுறை ஊசியின் அடிப்படை வினா எனலாம்.

5

காப்பைக் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும் என்னும் அறிவு தோட்டத்துக்கு அந்நியமானதா? லுணுகலையின் அயலிலேயே இதற்கு விடை உண்டு.

1869 இல் இலங்கைக் கோப்பியை அழித்த இலைநோய் முதன்முதற் காணப்பட்ட இடம் மடுல்சீமை. உலகக் கோப்பி வரலாற்றில் மடுல்சீமையின் பெயர் இதன் காரணமாகவே இடம்பெறுகிறது. நோய் மலைநாடெங்கும் பரவி உடைமையாளரின் இலாபத்தை விழுங்கத் தொடங்கியதும், 1880 இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்டார். ஈராண்டுக் காலம் அவர் அந்தப் பூஞ்சணத்தின் வாழ்க்கை முறையை ஆராய்ந்தார். கோப்பியைக் காக்க இயலவில்லை; ஆயினும் தாவர நோயியல் என்னும் துறைக்கு அவ்வாராய்ச்சி அடித்தளமிட்டது. பின்னர் 1930 களில் மைசூர்ப் பகுதியின் பாலெஹொன்னூர் ஆய்வு நிலையத்தில் மற்றோர் உண்மை வெளிப்பட்டது. அப்பூஞ்சணம் பல இனங்களாக வேறுபடுவது. ஓரினத்தை எதிர்த்து நிற்கும் கோப்பி வகையை வேறோர் இனம் வீழ்த்திவிடும். ஆகவே எதிர்ப்பாற்றல் ஒருமுறை பெற்று முடிப்பதன்று, மீண்டும் மீண்டும் தேடப்பட வேண்டியது என்பதைக் கோப்பிச்செடியின் பொருட்டுத் தோட்ட விஞ்ஞானம் அறிந்திருந்தது.

தேயிலை இதனை மேலும் தெளிவாகக் காட்டும். 1925 இல் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. 1946 இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியது. மழைக்காலத்தில் இளங்கொழுந்தைத் தின்னும் அந்நோய்க்கு, ஏழு முதல் பத்து நாளைக்கொருமுறை செப்பு மருந்து தெளிக்கும் முறை வகுக்கப்பட்டது. ஒருமுறை தெளித்த மருந்து அடுத்து வரும் கொழுந்தைக் காப்பதில்லை. புதிய கொழுந்துக்குப் புதிதாகவே தெளித்தல் வேண்டும். இதற்கென ஆள் உண்டு, நாட்குறிப்பு உண்டு, ஆண்டுதோறும் வரவுசெலவில் ஒதுக்கீடும் உண்டு. 'சென்ற மாதந்தானே தெளித்தோம்' என்று எந்தத் தோட்ட நிருவாகமும் கூறியதில்லை.

இதனினும் பழைய சான்றொன்று மக்களின் பண்பாட்டில் உள்ளது. தோட்டந்தோறும் உள்ள மாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் காப்புக் கட்டுகின்றனர். சென்ற ஆண்டுக் காப்பு இவ்வாண்டுக்கு உதவாது என்பது அவ்வழக்கத்தின் உட்கிடை. நம்பிக்கையை விஞ்ஞானம் என்று நாம் கூறவில்லை. அம்மை நோயின் நெடுங்கால அனுபவத்திலிருந்து பிறந்த அச்சடங்கு நோயைத் தடுத்ததில்லை. ஆயின் 'காப்பைப் புதுப்பித்தல்' என்னும் கருத்தை விளங்கிக்கொள்ள இயலாத மக்கள் இவர்கள் என்று கூறுவோர்க்கு அது போதிய மறுப்பாகும்.

இவ்வாறு, செடியைப் பொறுத்தவரை தோட்ட நிருவாகமும், காப்பைப் பொறுத்தவரை தொழிலாளரும் புதுப்பித்தலின் தேவையை அறிந்தே இருந்தனர். குறைபாடு அறிவிலே இல்லை. செடிக்குத் தொடர்ந்து செலவிடும் அமைப்பு மனிதனுக்குத் தொடர்ந்து செலவிட வேண்டிய தேவையை உணரவில்லை. செடி நூறாண்டு நிற்கும் மூலதனம். உழைப்பாளியின் இடத்தை மற்றொருவரைக் கொண்டு நிரப்பலாம்.

6

2020 மார்ச்சில் நாடு முடக்கப்பட்டபோதும் தேயிலைத் தோட்டங்கள் இயங்க அனுமதிக்கப்பட்டன. ஏனையோர் வீட்டிலிருந்தபோது கொழுந்து பறிப்போர் மலையில் நின்றனர். 2021 மார்ச்சிலேயே நாட்சம்பளம் 1000 ரூபா என வர்த்தமானி மூலம் அறிவிக்கப்பட்டது. அதாவது நோயின் மிகக் கொடிய ஆண்டில் ஒரு நாளைய உழைப்பின் விலை அதுவாக இருந்தது. ஊசி ஏற்றிய மறுநாள் காய்ச்சல் காண்பது இயல்பு. மாதச் சம்பளம் பெறுபவர்க்கு அது ஒருநாள் ஓய்வு. நாட்கூலியாளருக்கு அது ஒரு 'பேர்' இழப்பு. முதலிரு ஊசிகளின்போது மரண பயம் அவ்விழப்பை மறக்கச் செய்தது. மூன்றாவது ஊசியின்போது அப்பயம் தணிந்திருந்தது. இழப்பு மட்டும் அப்படியே இருந்தது.

அடுத்து வந்தது 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி. எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், லயத்திலிருந்து லுணுகலை நகருக்குச் சென்று திரும்புவதே பெரும்பாடாயிற்று. மாவின் விலையும் அரிசியின் விலையும் நாள்தோறும் ஏறிய வேளையில் ஊசியைப் பற்றிய நினைவு பின்தள்ளப்பட்டமையில் வியப்பில்லை.

எனினும் இவை அனைத்துக்கும் அடியில் அமைப்புச் சார்ந்த காரணம் ஒன்று உள்ளது. கொவிட் பெரிதும் கொன்றது அறுபது வயதைக் கடந்தோரை. தோட்டத்தில் அறுபது வயது என்பது 'செக்ரோலில்' பெயர் வெட்டப்படும் வயதாகும். சேமலாப நிதியைப் பெற்றுக்கொண்டு பிள்ளைகளின் லயத்து அறையில் ஒரு மூலையில் வாழும் முதியோர் நிருவாகத்தின் எந்தப் பதிவேட்டிலும் தொழிலாளர் அல்லர். 1918 இல் நோய் செக்ரோலில் உள்ளோரைத் தாக்கியது. 2021 இல் அது செக்ரோலுக்கு வெளியே உள்ளோரைத் தாக்கியது. மறுமுறை ஊசி எவருக்கு மிகமிகத் தேவையோ, அவரே தோட்டத்துக்கு இனித் தேவைப்படாதவர். செயலூட்டி ஊசியின் தேவையை இலாபத்தின் அளவுகோலால் ஒருபோதும் உணர முடியாது என்பதற்கு இம்முரண்பாட்டினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

லுணுகலைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிற் பிறந்தவன் என்ற வகையில், ஆய்வுக்குரிய விலகி நிற்கும் நோக்கைச் சற்றே தளர்த்தி ஒரு குறிப்பை இங்கு சேர்க்க விரும்புகிறேன். 1930 களிற் பிறந்த என் அப்பாயியின் மேற்கையில் அம்மைப்பால் குத்திய தழும்புகள் இரண்டு இருந்தன. நாற்பத்தைந்து ஆண்டு கொழுந்து பறித்தவர் அவர். 2021 இல் தோட்டப் பாடசாலையில் இரண்டு ஊசிகள் ஏற்றிக்கொண்டார். இரு முறையும் பக்கத்து லயத்து இளைஞர் கைத்தாங்கலாக அழைத்துச் சென்றனர். மூன்றாவது ஊசி நகரில் வழங்கப்படும் என்று கூறப்பட்ட நாளில் பஸ் ஓடவில்லை. அடுத்த நாள் எது என்று கூற எவரும் வரவில்லை. 2022 இன் இறுதியில் காய்ச்சலும் இருமலும் கண்டு ஒரு வாரத்தில் மறைந்தார். அது என்ன காய்ச்சல் என்று எவரும் பரிசோதிக்கவில்லை. ஆகவே அம்மரணத்தை எந்தக் கணக்கிலும் சேர்க்க நான் முற்படவில்லை. அவரது தடுப்பூசி அட்டையில் மூன்றாவது வரி வெறுமையாக உள்ளது என்பதை மட்டுமே கூற முடியும். இத்தகைய அட்டைகள் லயங்களிற் பல உண்டு.

7

இந்நிலை மாற்ற முடியாததா? அவ்வாறன்று என்பதற்கு மலையகத்திலேயே சான்றுண்டு. இலங்கையில் 1961 இல் முத்தடுப்பூசி அறிமுகமாயிற்று. 1969 இல் கர்ப்பிணிகளுக்கான ஏற்பு வலித் தடுப்பூசியும், 1978 இல் விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டமும் தொடங்கின. இவையெல்லாம் மறுமுறை ஊசிகளே. குறித்த மாத இடைவெளியில் மீண்டும் மீண்டும் ஏற்றப்படுபவை. 1970 களில் தோட்டங்கள் தேசியமயமான பின்னர்ப் படிப்படியாக அரசின் மருத்துவமாது லயங்களுக்கும் வரத் தொடங்கினார். பிள்ளைக்காம்பிராவிலும் கிளினிக்கிலும் அட்டை பார்த்து, வராத பிள்ளையைத் தேடிச் சென்று ஊசி ஏற்றப்பட்டது. இன்று தோட்டக் குழந்தைகளிடையே தடுப்பூசி ஏற்றல் உயர்ந்த நிலையில் உள்ளது. அதே லயம், அதே தாய், அதே வறுமை. வேறுபட்டது ஒன்றே: தேடி வரும் ஒருவர் இருந்தார். தாய்மாரின் 'அறியாமை' என்று முன்னர்க் கூறப்பட்டது எங்கே போயிற்று?

குழந்தைக்குக் கிடைத்த அத்தொடர்ச்சி முதியவருக்குக் கிடைக்கவில்லை. 1992 இல் தோட்ட முகாமைத்துவம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்ற பின்னர், தோட்ட மருத்துவம் அரசுக்கும் கம்பனிக்கும் இடையே இரண்டுங்கெட்டான் நிலையில் நிற்கிறது. வளர்ந்தோர்க்கான தடுப்பூசி அட்டையைப் பார்த்து, பெயர் கூறி அழைத்து, நடக்க இயலாதவரின் வாசலுக்குச் செல்லும் பொறுப்பு எவரிடமும் தெளிவாக ஒப்படைக்கப்படவில்லை.

இதே முரண்பாடு உலக அளவிலும் காணப்பட்டமை கருதத்தக்கது. 2021 ஆகஸ்டில், வறிய நாடுகளில் முதலாவது ஊசியே கிடைக்காத வேளையில் செல்வந்த நாடுகள் மூன்றாவது ஊசியைத் தொடங்க வேண்டாம் என உலகச் சுகாதார நிறுவனம் கோரிற்று, அக்கோரிக்கை பொருட்படுத்தப்படவில்லை. தடுப்பூசிகள்மீதான காப்புரிமையைத் தற்காலிகமாக நீக்குமாறு இந்தியாவும் தென்னாபிரிக்காவும் 2020 ஒக்டோபரில் உலக வர்த்தக நிறுவனத்திடம் முன்வைத்த யோசனை, ஏறக்குறைய இருபது மாதங்களின் பின் வலுவிழந்த வடிவிலேயே ஏற்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில், 2021 ஆம் ஆண்டில் மட்டும், பைசர் கம்பனி கொவிட் தடுப்பூசி விற்பனையால் பெற்ற வருமானம் 3,600 கோடி டொலரைத் தாண்டிற்று. செயலூட்டி ஊசிக்கு எதிராக மக்களிடையே எழுந்த ஐயத்தின் ஒரு வேர் இங்கே உள்ளது. ஊசி இலாபத்தின் கருவியாகத் தோன்றும்போது அதன் விஞ்ஞான உண்மையும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. முற்போக்காளரின் கடமை அந்த ஐயத்தை வளர்ப்பதன்று. ஊசியின் தேவையை ஏற்றுக்கொண்டு, அதனைச் சந்தையிடமிருந்து மீட்டுப் பொதுவுடைமையாக்கக் கோருவதே ஆகும். மருந்தை மறுப்பது முதலாளியை எதிர்ப்பதாகாது. அது லயத்து மூலையில் இருக்கும் முதியவரைத் தனியே விடுவதாகவே முடியும்.

கொவிட் தொடர்பான உலக அவசரநிலை 2023 மே 5 ஆம் திகதி முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. வைரசு அவ்வறிவித்தலுக்குக் கட்டுப்பட்டதன்று. அது தொடர்ந்து மாறிக்கொண்டே உள்ளது. இன்புளுவென்சாவும் அவ்வாறே. இனி வரும் நோயின் பெயர் எதுவாயினும், ஒருமுறை ஊசியோடு அது முடியப்போவதில்லை. எனவே கோரிக்கைகள் தெளிவாக அமைதல் வேண்டும். தோட்டச் சுகாதாரம் முழுமையாக அரசின் பொதுச் சுகாதார சேவையுள் கொண்டுவரப்பட வேண்டும். அறுபது வயது கடந்தோரின் பெயர்கள் செக்ரோலுக்கு வெளியே, குடிமக்களின் பதிவேடாகப் பேணப்பட வேண்டும். ஊசி ஏற்றும் நாளுக்கும் அதற்கு மறுநாளுக்கும் சம்பளம் வழங்கப்பட வேண்டும். ஊசி லயத்துக்கு வர வேண்டும்.

மண்டபம் முகாமின் வாயிலில் நம் மூதாதையரின் கையில் ஊசி குத்தியவர்களுக்கு அவர்களின் உழைப்பு தேவைப்பட்டது. அவ்வுழைப்பு தீர்ந்த பின்னும் அக்கையைத் தேடி வரும் ஊசியே அவர்களின் வழிவந்தோர் இந்நாட்டின் குடிமக்களாக ஏற்றுக்கொள்ளப்பட்டனர் என்பதற்குச் சான்றாகும்.